எட்டாம் நம்பர் கால்

ஒரு மனிதனுக்கு அவன் கால்தான் சோறு போடுகிறது என்றால், ஓட்டக்காரனாகவோ தபால்காரனாகவோ இருப்பான் என்றுதான் நினைப்போம். இவர் ஓடவும் இல்லை, அதிகம் நடக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். அதுதான் வேலை.

ஷூ கம்பெனியில் புது மாடல் எதுவானாலும் முதல் ஜோடியை எட்டாம் நம்பரில்தான் தைப்பார்கள். அந்த எட்டு சரியாக வந்தால் அதிலிருந்து ஏற்றி ஒன்பது, பத்து. இறக்கி ஏழு, ஆறு. எட்டு கோணினால் எல்லாமே கோணும். அதனால் முதல் ஜோடியை உயிருள்ள ஒரு கால் போட்டுப் பார்த்து, மாடியில் இருக்கும் சாம்பிள் அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, "பெருவிரல் பக்கம் பிடிக்குது", "குதிகால் தூக்குது" என்று சொல்ல வேண்டும். வாலிப வயதில் மூட்டை தூக்கும் வேலை கேட்டு வந்தவரை, அளவுப் பலகையில் ஏற்றிப் பார்த்தார்கள். நீளம், அகலம், பாதத்தின் மேடு எல்லாம் வார்த்து எடுத்த எட்டு. மூட்டையை மறந்துவிடு, காலைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லி மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு "எட்டு", சின்னவர்களுக்கு "எட்டண்ணா". அவரும் அந்தக் கால்களைக் கல் முள் படாமல் காப்பாற்றினார். அவர் மனைவி சொல்வாள்: "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எனக்கு ரெண்டு மாமியார். ஒண்ணு வலது கால், இன்னொண்ணு இடது கால்."

அந்தச் சாம்பிள் அறையில் ஒரு பழக்கம் இருந்தது. வேலைக்குச் சேரும் அன்று ஒருமுறை பாதத்தை அளப்பதுதான். அதற்கப்புறம் அதை யாரும் அளக்க மாட்டார்கள். டேப் நீளத்தைச் சொல்லும். எங்கே கடிக்கிறது என்று கால்தான் சொல்லும் என்பது அவர்கள் வாதம். எட்டண்ணன் "பிடிக்குது" என்று சொன்னால், பேட்டர்ன் வெட்டுபவர், தோலுக்கு அச்சாகும் அட்டையில் ஒரு நூல் அகலம் கூட்டி வெட்டுவார். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

பேட்டர்ன் மேசையில் முதலில் இருந்தவர் அவருடைய கூட்டாளி. வாடா போடா என்று பழகியவர்கள். கூட்டாளி மேனேஜர் ஆனதும் எட்டண்ணன் அவராகவே "சார்" போட ஆரம்பித்தார். காலியான மேசைக்கு எட்டண்ணனின் மனைவியுடைய தம்பி வந்தான். வேறொரு கம்பெனியில் நன்றாகத் தொழில் படித்தவன். கத்தரியை எடுத்தால் பேச மாட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம், வீட்டில் மனைவி முழுகாமல் இருந்தாள். சிபாரிசு செய்தது அக்கா புருஷன்தான்.

அவன் வந்து சில வருஷம் எந்தப் பேச்சும் இல்லை. பிறகு கடைகளிலிருந்து முனகல் கேட்க ஆரம்பித்தது. உங்கள் எட்டு எட்டாக இல்லை, வாங்கியவன் நடந்தால் ஷூ ஒரு பக்கம் போகிறது, அவன் ஒரு பக்கம் போகிறான் என்றார்கள். முனகல் சண்டையாக மாறிய ஒரு காலையில் மேனேஜர் மாடிக்கு வந்தார்.

"தம்பி, எட்டுன்னு நம்பர் அடிச்சு எதைத் தைக்கறே நீ? வாங்கறவன் கால்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி வளத்துக்கிட்டு வந்து போட்டுக்கணுமா?"

"நான் என்ன சார் பண்ணினேன்? மாமா பிடிக்குதுன்னார், கூட்டினேன்."

"அவர் காலு இருபது வருஷமா நம்ம காலு. அது எங்க போயிடும்? இந்த வயசுல அவருக்கு என்ன, காலா வளரும்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எட்டண்ணனும் சிரித்தார். மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை. மேனேஜர் படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "அடுத்த மாடல் வரைக்கும் பாக்கறேன். அதுவும் இப்படித்தான்னா வேற கையைத் தேடிக்கறேன்."

அடுத்த மாடல் வந்தது. எட்டண்ணன் காலை நுழைத்தார். பிடித்தது. உண்மையாகவே பிடித்தது. அவர் என்ன செய்வார்? "விரல் மேல கொஞ்சம் பிடிக்குது மாப்ள" என்றார். மைத்துனன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கத்தரியை எடுத்தான்.

உடம்பில் வேறு சில மாற்றங்களும் நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் கையில் ஒரு காரணம் இருந்தது. வியர்த்துக் கொட்டினால் தகர மேற்கூரை. தலைவலி என்றால் தோல் ஒட்டும் பசையின் நெடி. குறட்டை என்றால் வயசு. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கனத்துவிட்டது, அதற்குச் சளி. முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது, தாடை கொஞ்சம் முன்னால் வந்தது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் என்பதால் அதற்குக் காரணமே தேவைப்படவில்லை. வீட்டுச் செருப்பின் வாரைக் கடைசி ஓட்டைக்குத் தள்ளிவிட்டு, மழையில் சுருங்கிவிட்டது என்றார். செருப்புத் தொழிலில் ஊறின மனிதர் அப்படிச் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது?

மாட்டிக்கொண்டது கண்ணில்தான். கதவு நிலையில் தோள் இடித்தது. அலமாரியில் கை பட்டு சாம்பிள்கள் விழுந்தன. ஒருநாள் கடைத்தெருவில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கூடவே நடந்து வந்துக்கிட்டிருக்கேன். பழக்காரர்கிட்ட நின்னுட்டேன். நீங்க பாட்டுக்குப் போறீங்களே. பொண்டாட்டி வர்றாளா இல்லையான்னு கூடத் தெரியாதா?"

"எதிர்ல வந்தா தெரியறே. பக்கத்துல வந்தா தெரியலை."

"அது கல்யாணமான எல்லா ஆம்பளைக்கும் வர்ற வியாதிதான். இருந்தாலும் வாங்க, கண்ணு டாக்டர்கிட்ட கேட்டுடுவோம்."

கண் டாக்டர் இரண்டு பக்கமும் விரலை ஆட்டிக் காட்டினார். விரல் முகத்துக்கு நேரே வரும்வரை எட்டண்ணனுக்கு அது இருப்பதே தெரியவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குப் பின்னால் எதையோ பார்க்க வேண்டும் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த டாக்டரம்மா மெல்லிய குரலில் பேசினார். முகத்தைவிட அதிக நேரம் கையைத்தான் பார்த்தார். விரல்களைப் புரட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார், வியர்வையைக் கேட்டார், குறட்டையைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மனைவி முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"செருப்பு சைஸ் என்ன? இந்தச் சில வருஷத்துல மாறியிருக்கா?"

மனைவி சிரித்துவிட்டாள். "நல்ல ஆளைக் கேட்டீங்க டாக்டர். இவர் வேலையே அதுதான்." கம்பெனிக் கதையைச் சொன்னாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். "மாறியிருக்குங்களா?"

"எட்டு," என்றார் அவர். "எப்பவும் எட்டுதான்."

பொய் என்று தெரிந்துதான் சொன்னாரா? கேட்டிருந்தால் அவராலேயே பதில் சொல்லியிருக்க முடியாது. ஆனால் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த அதே நேரத்தில், "காலா வளரும்?" என்று மேனேஜர் கேட்டதும் எல்லோரும் சிரித்ததும் காதில் கேட்டன. தானும் சிரித்தது கேட்டது. டாக்டர் எழுதிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள மனைவியுடன் போனார். ஊசி குத்தியதே தெரியவில்லை.

மறுநாள் ஊரின் அந்தக் கோடியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு ஷூ கடைக்குள் நுழைந்தார். வேறு கம்பெனி சரக்கு விற்கும் கடை. விற்பனைப் பெண் அளவுப் பலகையோடு வந்தாள்.

"அளக்க வேணாம்மா. எட்டு குடு."

எட்டு வந்தது. பாதி கால் போனது. மீதி வெளியே நின்றது.

"இது சின்ன எட்டு போல."

"எட்டுல சின்ன எட்டு பெரிய எட்டெல்லாம் இல்லைங்கண்ணா. காலை இப்படி வைங்க." பலகையை அவளே தள்ளி வைத்தாள். குதிகாலை ஒட்டி வைத்து, சட்டத்தை இழுத்தாள். "பத்து. கஷ்டப்பட்டா ஒன்பதரை போகும்."

"உங்க பலகை தப்பு."

அந்தப் பெண் செருப்பை உதறிவிட்டுத் தன் காலை அதில் வைத்தாள். "இதோ பாருங்க, என் கால் அஞ்சு. காலையில கடை திறக்கும்போது அஞ்சு, இப்பவும் அஞ்சு. பலகை என்னங்கண்ணா பண்ணும்? பத்து எடுத்துட்டு வரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் உட்கார்ந்திருந்தார். அவர் காலைப் பார்த்துத்தான் ஏழும் ஆறும் ஒன்பதும் வெட்டினார்கள். அப்படியென்றால் எத்தனை பேர் காலில் அவர் கால் வழுக்கிக்கொண்டிருக்கிறது? வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, பழியோ பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவன் தலையில் விழுந்திருக்கிறது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் வெட்டிக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை. சொன்னா என் வேலை போயிடும். பத்தாம் நம்பர் காலை வச்சுக்கிட்டு அங்க நான் யாரு?"

"சொல்லலைன்னா அவன் வேலை போயிடும்." நறுக்கிய காயைத் தட்டில் ஒதுக்கினாள். "ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப் பொறந்தவன். நான் எந்தப் பக்கம் பேசறது? ஆனா ஒண்ணுங்க. அவன் உங்க காலை நம்பித்தான் கத்தரி வச்சான்."

அப்போதும் அவர் உடனே சொல்லவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார் பார்க்கலாம், ஒருவேளை வீக்கமாக இருக்கும், வடிந்துவிடும் என்று நாளைக் கடத்தினார். அந்த வாரம் மைத்துனன் மேனேஜரிடம் இன்னொரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் எட்டண்ணன் ஷூ லேஸைக் கட்டி அவிழ்த்து, அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, விட்டு விட்டு ரத்தம் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை விளக்குப் பலகையில் மாட்டியதும், அவர் வேறு எதையும் கேட்பதற்கு முன் எட்டண்ணன் சொல்லிவிட்டார்.

"டாக்டர், அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். பத்து."

"தெரியும்," என்றார் டாக்டர். "உங்க கை சொல்லிடுச்சு. இங்க பாருங்க."

மூக்குக்கு நேர் பின்னால், மூளைக்கு அடியில், எலும்பில் ஒரு சின்னக் குழி. அதற்குள் இருப்பதுதான் பிட்யூட்டரி சுரப்பி என்றார். "பட்டாணி அளவுதான். மேல மூளையிலேர்ந்து இதுக்கு உத்தரவு வரும். இது அதை வாங்கி, ரத்தத்துல ஆள் விட்டு மத்தவங்களுக்குச் சொல்லி அனுப்பும். கழுத்துல தைராய்டு இருக்கு, அதுக்கு 'சூடு குறையுது, வேலை செய்'ன்னு ஒரு ஹார்மோன். கிட்னிக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு, அதுக்கு 'உடம்பு கஷ்டத்துல இருக்கு, தெம்பு குடு'ன்னு ஒண்ணு. பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்றது, ஆம்பளைக்கு ஆம்பளைத்தனம், தாய்க்குப் பால், உடம்புல தண்ணி நிக்கறது, எல்லாத்துக்கும் இங்கேர்ந்துதான் தகவல் போகுது."

"இத்தனூண்டா?" என்றாள் மனைவி.

"கடுகு சிறுத்தாலும்னு சொல்வாங்களே, அதுதான். ஆனா இதுக்குப் பெரிய குணம் என்ன தெரியுமா? பேசறது இல்லை, கேக்கறதுதான். தைராய்டு போதுமான அளவு சுரந்துட்டா அந்தச் செய்தி ரத்தத்துலயே திரும்பி வரும். இதுவும் உடனே வாயை மூடிக்கும். குறைஞ்சா மறுபடியும் குரல் குடுக்கும். வளர்ச்சி ஹார்மோனும் அப்படித்தான். இது சொல்லும், ஈரல் இன்னொரு சரக்கைத் தயார் பண்ணும், அதுதான் எலும்பையும் சதையையும் வளக்கும். போதும்னா ஈரல்லேர்ந்து பதில் வரும், இது நிறுத்திக்கும். சர்க்கரைத் தண்ணி குடிச்சாலும் அடங்கும். அன்னைக்கு உங்களுக்குக் குடுத்தோமே? அடங்கலை."

படத்தில் குழியை நிறைத்து மேலே எட்டிப் பார்க்கும் ஒரு வெள்ளை உருண்டையைக் காட்டினார். "இந்தச் சுரப்பிக்குள்ள ஒரு கட்டி. புற்று இல்லை, பயப்படாதீங்க. ஆனா இதுக்குக் காது கிடையாது. யார் போதும்னாலும் கேக்காம 'வளரு, வளரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. சின்னப் பசங்களுக்கு வந்தா பனைமரம் மாதிரி உயரம் போயிடுவாங்க. பெரியவங்களுக்கு நீள எலும்போட நுனி மூடியாச்சு, உயர முடியாது. அதனால கை, கால், தாடை, நாக்கு, உள்ள இதயம் எல்லாம் தடிக்கும். மேல கண் நரம்பு குறுக்கே போகுது. கட்டி அதை அழுத்துது. அதான் பக்கத்துல வர்றவங்க தெரியலை."

"பாத்தீங்களா," என்றாள் மனைவி. குரலில் கோபமில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எட்டண்ணனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "எடுத்துட்டா கால் சுருங்குமா டாக்டர்? எட்டுக்கு வருமா?"

"சதை வீக்கம் கொஞ்சம் வத்தும். எலும்பு வளந்தது வளந்ததுதான். எட்டுக்கு வராதுங்க. ஆனா இப்படியே விட்டா உங்க கண்ணும் இதயமும் தாங்காது. மூக்கு வழியாவே போய் எடுத்துடலாம்."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கம்பெனிக்குப் போனார். மேனேஜர் மாடியில்தான் இருந்தார். எட்டண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "சார், என் கால் வளந்துடுச்சு."

ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். மேனேஜரும் பாதி சிரிப்போடு, "மச்சானைக் காப்பாத்த வேற கதை கிடைக்கலையா?" என்றார். எட்டண்ணன் பதில் பேசாமல், மூலையில் தூசி படிந்திருந்த அளவுப் பலகையை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டு, ஏறி நின்றார். மேனேஜரே குனிந்து சட்டத்தை இழுத்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

"அப்போ நம்ம எட்டு எங்கேய்யா போச்சு?" என்றார்.

டாக்டர் சொன்னதையெல்லாம் எட்டண்ணன் தன் வார்த்தையில் சொன்னார். மேனேஜர் கேட்டார், தோளில் கை வைத்தார், ஆபரேஷனைப் பார், லீவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் மைத்துனன் பக்கம் திரும்பியபோது முகம் மாறியது.

"அவருக்கு வந்தது நோய். உனக்கு வந்தது என்ன? அட்டை வருஷா வருஷம் பெருசாகுது. வெட்டற கைக்குத் தெரிய வேண்டாமா? அவர் சொன்னார், நான் செஞ்சேன்னா அதுக்கு எதுக்கு ஒரு பேட்டர்ன் ஆளு? நல்ல ஆளா இருந்தா பிடிச்சிருப்பான். நான் கூப்பிடற வரைக்கும் வீட்லயே இரு."

எட்டண்ணனும் மைத்துனனும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"என்னைக்கு மாமா தெரியும் உங்களுக்கு?"

"போன வாரம்."

"ஒரு வாரம் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க."

"பயம்டா மாப்ள."

"எனக்கும்தான் பயம். என் வீட்ல ரெண்டாவது பிள்ளை வரப்போகுது." வந்து நின்ற பஸ்ஸில் அவன் ஏறவில்லை. அவர் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்று, அடுத்ததில் வந்தான்.

ஆனாலும் ஆபரேஷன் அன்று துணைக்கு வந்தவன் அவன்தான். அக்கா கூப்பிட்டதால் வந்தேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். மூக்கில் பஞ்சோடு எட்டண்ணன் கண் விழித்ததும் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். மறுபடி கேட்டார். குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போனது. மைத்துனன் ஜாடியோடு ஓடிக்கொண்டே இருந்தான்.

"மாமா, இந்த ஆஸ்பத்திரித் தொட்டி காலியாகப் போகுது. என்னைப் பழி வாங்கறீங்களா?"

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லி கிட்னிக்குத் தகவல் கொடுப்பதும் அந்தச் சுரப்பியின் வேலைதான், கத்தி பட்ட அதிர்ச்சியில் அது சற்று மயங்கிக் கிடக்கிறது, மருந்து கொடுத்தால் அடங்கும், பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். தெம்பு ஹார்மோனுக்கு மட்டும் கொஞ்ச காலம் தினமும் காலையில் மாத்திரை. காய்ச்சல் வந்தால் நிறுத்தக் கூடாது, கூட்ட வேண்டும், கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

"அந்தக் கட்டிக்குக் காது இல்லைன்னு அக்கா சொன்னா," என்றான் மைத்துனன். "நிஜமாவா டாக்டர்?"

"ஆமா. போதும்னு சொன்னா கேக்காது."

அவன் வெறும் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "எங்க அறையிலயும் யாருக்கும் காது இல்லைங்க டாக்டர். கடைக்காரங்க போதும் போதும்னாங்க. நாங்க காலையே கேட்டுக்கிட்டிருந்தோம்." அன்று முதல்முறையாக எட்டண்ணனைப் பார்த்துச் சிரித்தான். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஜாடியை நிரப்பப் போனான்.

உடம்பு தேறியது. தாகம் அடங்கியது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. விரல்கள் வற்றி, கைக்கு ஒரு லேசு வந்தது. கால் ஒன்பதரையில் நின்றுகொண்டது. மைத்துனனுக்கு மட்டும் கம்பெனியிலிருந்து அழைப்பு வரவில்லை. எட்டண்ணன் ஒருநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார்.

சாம்பிள் அறை அலமாரியில், தேர்வான ஒவ்வொரு மாடலின் முதல் ஜோடியும் வரிசையாக நிற்கும். மேனேஜர் அதற்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். பழைய மாடல்களுக்கு இன்னும் ஆர்டர் வருகிறது, எதை வெட்டுவது, எதைத் திருத்துவது என்று தெரியவில்லை என்றார்.

"உன் மச்சான் கெடுத்ததெல்லாம் எதுன்னு முதல்ல பிரிக்கணும்யா. அதுக்கு ஒரு சுத்தமான எட்டு வேணும். எங்கே போறது?"

எட்டண்ணன் அவர் காலைப் பார்த்தார். எப்போதோ, இருவரும் வாடா போடா என்று இருந்த காலத்தில், மழையில் நனைந்த ஒரு நாள் ஒருவர் ஷூவை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. "சார், நீங்க எட்டுதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"உக்காருங்க சார்."

மேனேஜர் தயங்கினார். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "சிரிக்காதே," என்றார். எட்டண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்து, அலமாரியில் ஆகப் புதியதிலிருந்து ஆரம்பித்தார்.

முதல் ஜோடி காலில் ஏறி, நடந்ததும் கழன்று விழுந்தது. அடுத்தது குதிகாலில் விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்தது. ஒவ்வொன்றாகப் பின்னால் போனார்கள். தளர்ச்சி குறைந்துகொண்டே வந்தது, ஆனால் நிற்கவில்லை. மைத்துனன் வேலைக்குச் சேர்ந்து வெட்டிய முதல் மாடல் வந்தது.

"தளருது," என்றார் மேனேஜர். "அடுத்ததைக் குடு. இதுக்கு முன்னாடிது சரியா இருக்கும்."

அடுத்ததைப் போட்டார்கள். மேனேஜர் எழுந்து நடந்தார். திரும்பி நடந்தார். உட்கார்ந்து, தானே விரலைக் குதிகால் பக்கம் விட்டுப் பார்த்தார்.

"இதுக்கு முந்தினது."

அதுவும் தளர்ந்தது. அதற்கு முந்தியதும் ஒரு மயிரிழை தளர்ந்தது. அதற்கும் முந்தியது கையுறை போலப் பொருந்தியது. மேனேஜர் பொருந்தியதை விட்டுவிட்டு, தளர்ந்த அந்த மயிரிழை ஜோடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் வெட்டினதுய்யா."

"ஆமா சார்."

"ஞாபகம் இருக்கு. நீ விரல் மேல பிடிக்குதுன்னே. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துது. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அப்புறம் கூட்டினேன்."

"ஏன் சார் கூட்டினீங்க?"

"நீ சொன்னியே."

தன் வாயிலிருந்து வந்தது யாருடைய பதில் என்று அவருக்குப் புரிய சற்று நேரம் ஆனது. எட்டண்ணன் தலையைத் தூக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு மனிதனின் முகத்தைப் பார்ப்பது நியாயமில்லை என்று பட்டது. கழற்றிப் போட்ட ஜோடிகளை வரிசையாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

மேனேஜர் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாளைக்கு அவனை வரச் சொல்லு," என்றார். பிறகு, "அளவுப் பலகையைத் துடைச்சு வைக்கச் சொல்லு. மாடலுக்கு மாடல் காலையும் அளக்கணும். யார் காலா இருந்தாலும்." எழுந்து போய்விட்டார்.

எட்டண்ணன் படிக்கட்டிலேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். மைத்துனன்தான் எடுத்தான், அக்காவுக்கு அலமாரிக் கதவு சரிசெய்ய வந்திருந்தானாம்.

"மாப்ள, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"யாரை? உங்களையா, என்னையா?"

"உன்னைத்தான்டா."

"அக்கா! அக்கா, என்னைக் கூப்பிட்டுட்டாங்களாம்!" பின்னால் அவள் என்னவோ கத்துவதும், ஏதோ பாத்திரம் உருளுவதும் கேட்டன. பிறகு அவன் குரல் தணிந்து மறுபடி வந்தது. "சரி மாமா, உங்களுக்கு என்ன வேலையாம்?"

எட்டண்ணன் மாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதைக் கேக்கவே மறந்துட்டேன், மாப்ள," என்றார்.